தலைக்கட்டு வரி

கோயில் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி கொடுத்தால், கிடா வெட்டிய மறுநாள் ஒரு பங்கு கறியாவது வீட்டுக்கு வரும். பனியன் கம்பெனியில் டெய்லர் அக்கா தன்னை அறியாமல் கட்டும் தலைக்கட்டு வரிக்கு எலும்புகூடக் கிடையாது. அந்த வரிக்கு ஓவர்ஹெட் என்று பெயர்: எல்லா செக்‌ஷன் தலையிலும் பிரித்துப் போடும் பொதுச் செலவு.

கேன்டீன் செலவை ஆள் எண்ணிப் பிரிக்கலாம். ஜெனரேட்டர் செலவை யூனிட் பார்த்து, மெக்கானிக் சம்பளத்தை மெஷின் ஓடிய நேரம் பார்த்துப் பிரிக்கலாம். யாரால் செலவு வந்தது, யாருக்குப் பயன் போனது என்று பார்க்கச் சொல்கிறது, இந்தியச் செலவுக் கணக்காளர் நிறுவனத்தின் சிஏஎஸ்-3 தரநிலை. முதலாளி காருக்கும் ஏசி கேபினுக்கும் அப்படிப் பார்த்தால் விரல் எந்தப் பக்கம் நீளும்? அதனால் அதையும் ஆள் எண்ணியே பிரித்துவிடுகிறார்கள். ஆபீஸ் ஆட்களின் தலை இதில் சேராது. தைக்கிறவர், வெட்டுகிறவர், நிட்டிங் ஓட்டுகிறவர் தலை மட்டும்தான். பாடப் புத்தகத்தில் இது 'டைரக்ட் மெத்தட்'.

ஆபீஸ் செலவு மாதம் 10 லட்சம், ஆள் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 5,000. ஸ்டிச்சிங்கில் 150 பேர் என்றால், 7.5 லட்சம் அவர்கள் தலையில். அந்தக் காரின் கதவைத் தொட்டே பார்க்காத அக்கா, டீசலில் பங்குதாரர்! பீஸ் ரேட் ஏற்றிக் கேட்டால், "ஸ்டிச்சிங்கே நஷ்டத்துல ஓடுதும்மா" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். கொஞ்ச நாளில் செக்‌ஷனை மூடி, தையலை ஜாப் ஒர்க்குக்கு விட்டுவிடுவார்கள். 150 பேர் டிபன் பாக்ஸோடு வெளியே.

கார் நின்றதா? ஏசி அணைந்ததா? அதே 10 லட்சம், மிச்சம் 50 தலை. தலைக்கு 20,000. கட்டிங்கில் 30 பேர். போன மாதம் 1.5 லட்சம் சுமந்தவர்கள் இந்த மாதம் 6 லட்சம் சுமக்கிறார்கள். ஒரு வெட்டுகூடத் தப்பாக வெட்டவில்லை. ஆனாலும் கட்டிங் இப்போது 'நஷ்டம்'. கத்தி அவர்கள் கழுத்துக்கு வந்துவிட்டது.

கூட்டலில் பைசா பிசகில்லை. ஆடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். எல்லா செக்‌ஷனும் போன பிறகும் காரும் கேபினும் இருக்கும். நஷ்டத்துக்குக் காரணமான தலை மட்டும் கடைசிவரை தாளில் வராது. அதைத்தான் யாரும் எண்ணவே இல்லையே.