நாய்க்குட்டிக்கு நெட்டு வந்த கதை

கோயமுத்தூர்க்காரனுக்கு ஒரு மெஷினைத் தூக்கிப் போட மனசே வராது. கிணற்று மோட்டார் புகைந்தால் வைண்டிங் கட்டுவோம்; மறுபடி புகைந்தால் மறுபடி கட்டுவோம். பேரிங் போன மிக்ஸி, கல் தேய்ந்த கிரைண்டர், இறக்கை ஆடுகிற ஃபேன் எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் ஏதாவது ஒரு சந்துக்குள் வைத்தியர் உண்டு. அப்பேர்ப்பட்ட ஊரின் நடுவில், காந்திபுரத்தில் குடியிருப்பவன் வீட்டுப் பரணில் ஒரு லேப்டாப் சும்மா கிடக்கிறது என்றால் அது குலத்துக்கே இழுக்கு.

அது என் தங்கச்சி மகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். மாநில அரசு நிறுவனமான எல்காட் மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஆன் செய்ததும் 'எது வேண்டும்?' என்று கேட்கும். தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளுக்குள் லினக்ஸ் சத்தமில்லாமல் நுழைந்தது அப்போதுதான். நுழைந்ததோடு சரி. எங்கள் குடும்பத்தில் அதை யாரும் வா என்றுகூடக் கூப்பிடவில்லை. 'பாஸ்' என்று பேர் போட்டிருந்ததால் அது ஹெட்மாஸ்டருக்கு மட்டுமானது என்று தங்கச்சி வீட்டுக்காரர் ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

பெண் படித்து முடித்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். லேப்டாப் எனக்கு வந்தது. அம்மாவுக்கு செல்ஃபோன் திரை கண்ணுக்குப் பத்தவில்லை. மருதமலைக் கும்பாபிஷேக வீடியோவைக் கொஞ்சம் பெரிதாகப் பார்க்கோணும் என்று ஆசை. இதற்காகத்தான் பரணில் ஏறினேன்.

நூறடி ரோட்டில் பழைய லேப்டாப் பார்க்கிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி திருப்பிப் பார்த்தார், திறந்து பார்த்தார், மூடி வைத்தார். "ஏனுங்ணா, பேட்டரி செத்துருச்சுங்க. ரேமும் 2 ஜிபிதானுங்க. இதுல புது விண்டோஸ் போட்டா, அது எந்திரிச்சு வர்றதுக்குள்ள நீங்க ஊட்டிக்கே போயிட்டு வந்துரலாமுங்க."

"வேற வழி?"

"எடைக்குப் போட்றலாமுங்க."

கோவை மரியாதையே இதுதான். கையிலிருப்பது குப்பை என்று சொல்வார்கள். ஆனால் 'ங்க' சேர்த்துச் சொல்வார்கள். கோபித்துக்கொண்டு வெளியே வரவும் முடியாது.

எடைக்குப் போடாமல் எடையைக் குறைத்தால் என்ன என்று தோன்றியது அங்கேதான். பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே இலகுரக லினக்ஸ்கள் இருக்கின்றன. லுபுண்டு இருக்கிறது. கிரேக்க நாட்டிலிருந்து வருகிற ஆன்டிஎக்ஸ் இருக்கிறது. டைனி கோர் என்று ஒன்று, மொத்தமே இருபது சொச்சம் எம்பி. குடும்ப வாட்சப் குழுவில் ஒரு நாள் காலையில் வரும் குட்மார்னிங் படங்களைச் சேர்த்தால் அதைவிடக் கூட வரும். நான் எடுத்தது பப்பி லினக்ஸ். ஆஸ்திரேலியாவில் பாரி கௌலர் என்பவர் 2003இல் தொடங்கியது. அவர் வளர்த்த சிவாவா இன நாய்தான் பேருக்குக் காரணம். சில நூறு எம்பிக்குள் டெஸ்க்டாப், எழுதுவதற்கு, வரைவதற்கு, பாட்டுக் கேட்பதற்கு என்று எல்லாம் அடங்கிவிடும். பென் டிரைவில் போட்டுக் கிளப்பினால் மொத்தமும் ரேமுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. போதாக்குறைக்கு, நுழைந்ததுமே நம்மை 'ரூட்' ஆக்கிவிடும். அதாவது சகல அதிகாரமும் படைத்தவர். வீட்டில் ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பக்கூட அனுமதி கேட்கிறவனுக்கு இது பெரிய பதவி.

டெஸ்க்டாப் வந்ததும் லேப்டாப் இரண்டு தடவை குரைத்தது. மிகையில்லை, பப்பி முதல்முறை எழும்போது 'வவ் வவ்' என்று சத்தம் கொடுக்கும், சவுண்ட் கார்டு வேலை செய்கிறது என்பதற்கான அறிவிப்பு அது.

அடுக்களையிலிருந்து அம்மா: "கண்ணு, கேட்டைச் சாத்துலியா? நாய் உள்ள வந்துருச்சு பாரு."

நாயைத் துரத்த விளக்குமாற்றோடு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "பொட்டிக்குள்ளயா?" என்றார். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போனார்.

இதுவரை எல்லாம் சுகம். இனி நெட்.

'கனெக்ட்' என்கிற ஐகானைத் தட்டினால் கம்ப்யூட்டரில் இருக்கும் இணைப்பு வாசல்களை வரிசையாகக் காட்டும். ஒயருக்கு ஈத்0, ஒயரில்லாததற்கு டபிள்யூலேன்0. எனக்கு ஈத்0 மட்டும் வந்தது. சிப் உள்ளே இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று பேரோடு சொல்கிறது. பிறகு ஏன் வரவில்லை? லினக்ஸின் மையமான கெர்னலின் தினக்குறிப்பைப் புரட்டினால் ஒரு வரி: ஃபர்ம்வேர் ஏற்ற முயன்றேன், தோல்வி, பிழை எண் மைனஸ் 2. லினக்ஸில் மைனஸ் 2 என்றால் 'அப்படியொரு கோப்பே இல்லை' என்று அர்த்தம். நேராகச் சொல்லியிருக்கலாம். எண்ணில் சொன்னால்தான் அதற்கு கௌரவம் போலும்.

வைஃபை சிப் என்பது தன்னளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். செலவை மிச்சம் பிடிக்க, பல சிப்களில் அதன் நிரலை அதற்குள்ளேயே நிரந்தரமாக வைப்பதில்லை. ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் அது ஒன்றும் தெரியாமல்தான் விழிக்கும். இயங்குதளம் ஃபர்ம்வேர் என்ற கோப்பை எடுத்து ஊட்டினால்தான் தான் ஒரு வைஃபை என்பதே அதற்கு நினைவு வரும். அந்தக் கோப்பு என் பப்பியில் இல்லை. எங்கே கிடைக்கும்? இணையத்தில். இணையத்துக்கு எப்படிப் போவது? வைஃபையில். வைஃபைக்கு என்ன வேண்டும்? அந்தக் கோப்பு. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் பெரியவர்கள் சொன்னது வைஃபை டிரைவரைப் பார்த்துத்தான் என்று இப்போது எனக்கு உறுதியாகப் படுகிறது.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒரு காலத்தில் பிராட்காம் சிப் உள்ள லேப்டாப் என்றால் லினக்ஸ்காரர்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். கம்பெனி லினக்ஸுக்கு உருப்படியாக ஒன்றும் தராத நாட்களில், தன்னார்வலர்கள் அதன் டிரைவரைப் பிரித்து மேய்ந்து பி43 என்று ஒன்றைச் சொந்தமாக எழுதினார்கள். ஆனால் ஃபர்ம்வேர் கம்பெனியின் சொத்து. அதைக் கூடவே கொடுக்க உரிமை கிடையாது. ஆகவே எஃப்டபிள்யூகட்டர் என்று ஒரு கத்தரியையும் செய்தார்கள். கம்பெனியின் டிரைவரை நாமே இறக்கி, இந்தக் கத்தரியால் அதற்குள்ளிருக்கும் ஃபர்ம்வேரை வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். 2010 செப்டம்பரில்தான் பிராட்காம் மனமிரங்கி, புதிய சிப்களுக்குத் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. டெபியன் என்ற லினக்ஸைச் செய்கிறவர்கள் இதில் இன்னும் கறாராக இருந்தார்கள். சுதந்திரமில்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கவே மாட்டோம் என்று இருந்தவர்கள், 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல்தான் சேர்த்தார்கள். கொள்கை என்றால் அப்படி இருக்கோணும். கொள்கையோடு நெட்டும் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். என் லேப்டாப்பில் இருந்தது வேறு கம்பெனியின் சிப். பேர் வேண்டாம், அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்.

எடைக் கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது. லினக்ஸ் உலகம் சேர்த்துவைத்திருக்கும் ஃபர்ம்வேர் மூட்டை மட்டுமே பல நூறு எம்பி தேறும். மொத்தத்தையும் சுமந்தால் நாய்க்குட்டி நாய்க்குட்டியாக இருக்காது. ஆகவே இலகுரக சிஸ்டம் செய்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கழித்துவிடுகிறார்கள். கழித்த எடை எங்கேயும் காணாமல் போவதில்லை. லேப்டாப்பிலிருந்து இறங்கி, எதிரே உட்கார்ந்திருப்பவன் தோளில் ஏறிக்கொள்கிறது. பெரிய சிஸ்டங்கள் குண்டாக இருப்பதற்குக் காரணம், நம் வேலையையும் சேர்த்து அவை தின்றுவிடுவதுதான்.

பெங்களூருக்கு ஃபோன் போட்டேன். மருமகள் 'கிளவுட்'டில் வேலை பார்க்கிறாள். மேகத்திலேயே இருப்பவளுக்கு வைஃபை எம்மாத்திரம்?

"மாமா, இன்னுமா அதை வெச்சிருக்கீங்க? சரி, ஃபோனை யூஎஸ்பில மாட்டி டெதரிங் ஆன் பண்ணுங்க மாமா. அது ஒயர் கனெக்‌ஷன் மாதிரிதான் வரும். ஃபர்ம்வேரெல்லாம் கேக்காது."

மாட்டினேன், வரவில்லை. கிராஸ்கட் ரோட்டு நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய கேபிள் அது. சார்ஜ் ஏறும், டேட்டா போகாது. உள்ளே டேட்டாவுக்கான இரண்டு ஒயர்களே இல்லையாம். அதற்கும் எடை குறைப்பு! மனைவியின் கேபிளைக் கடன் வாங்கி மாட்டியதும் யூஎஸ்பி0 என்று புது வாசல் ஒன்று முளைத்தது. ஃபர்ம்வேர் இறங்கியது. டபிள்யூலேன்0 வந்தது.

வந்ததே தவிர எழுந்திருக்கவில்லை. ஆர்எஃப்கில் என்கிற கட்டளையைக் கேட்டால், தடை இரண்டு வகை என்று வகுப்பெடுக்கிறது. மென்தடை என்றால் மென்பொருள் போட்டது, நாமே எடுத்துவிடலாம். வன்தடை என்றால் லேப்டாப்பின் பொத்தான் போட்டது. ரூட்டே வந்து நின்றாலும் அசையாது. எனக்கிருந்தது வன்தடை. விளிம்பிலே தடவிப் பார்த்தேன், சுவிட்ச் இல்லை. எஃப்என் விசையோடு மேல்வரிசையில் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனேன். திரை இருண்டது, வெளுத்தது, சத்தம் ஏறியது, டச்பேட் செத்தது. கடைசியில் ஒரு ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது.

அடேயப்பா, என்ன கூட்டம்! 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் வாங்காமலேயே யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்தது. அந்த உரிமையைச் சிந்தாமல் சிதறாமல் அனுபவிக்கிற இடம் காந்திபுரம். எங்கள் வீதியில் மட்டும் ஹாஸ்டல்கள், டிராவல்ஸ் ஆஃபீஸ்கள், கோச்சிங் சென்டர், பேக்கரி. பட்டியல் உருண்டுகொண்டே போகிறது. 'மூணாவது மாடி பாய்ஸ்', அதற்குப் பதிலடியாக 'மூணாவது மாடியே தூங்கு'. 'சும்மா வராது' என்று ஒன்று. 'டீ குடிச்சாத்தான் பாஸ்வேர்டு' என்பது பேக்கரியாகத்தான் இருக்க வேண்டும். ஊரே இருந்தது. எங்கள் வீட்டு நெட்டை மட்டும் காணவில்லை. ரவுட்டரோ என் தலைக்கு மேலே, பரணுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கோடு இருக்கிறது. ஃபோனில் தெரிகிறது. லேப்டாப்பில் தெரியவில்லை.

கேபிள்காரத் தம்பியைக் கேட்டதில் துப்பு கிடைத்தது. "எல்லாச் சேனலும் நெரிசலுங்ணா. அதான் உங்களுக்கு 13ல போட்டு உட்டேன். அதுல யாருமே இல்லீங்க."

யாருமே இல்லாததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் இந்த அலைவரிசையில் 13ஆவது சேனல் வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் வழக்கம் 11 வரைதான். லினக்ஸ் சட்டம் தெரிந்த பிள்ளை. எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்த நாட்டு விதிப்படிதான் ரேடியோவை இயக்கும். மொழியை அமெரிக்க ஆங்கிலமாகவே விட்டிருந்ததால் நாடும் அமெரிக்கா என்று எங்கோ ஒரு கோப்பில் பதிவாகியிருக்கிறது. தமிழ்நாடு அரசு முத்திரை பதித்த லேப்டாப், காந்திபுரம் ஏழாவது வீதியில் உட்கார்ந்துகொண்டு, நான் அமெரிக்காவில் இருக்கிறேன், எனக்கு 13 தெரியாது என்கிறது. எங்கள் சொந்தத்தில் சில பேர் பாஸ்போர்ட் எடுத்த கையோடு இப்படி ஆனதுண்டு. 'ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்' என்று ஒரு வரி தட்டினேன். விசா, டிக்கெட் எதுவுமில்லாமல் லேப்டாப் இந்தியா திரும்பியது. எங்கள் ரவுட்டர் பட்டியலில் உதித்தது. பாஸ்வேர்டு போட்டேன். வந்தேவிட்டது நெட்.

"அம்மா, நெட்டு வந்துருச்சு!" என்று கத்திவிட்டு, மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம் சொல்ல ஓடினேன். இறங்கி வந்தால் லேப்டாப் கறுப்பாகக் கிடக்கிறது. அதன் பிளக் தரையில். பாயிண்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

"நெட்டுதான் வந்துருச்சுன்னு சொன்னியே கண்ணு. அப்புறம் எதுக்கு அதுக்குக் கரண்டு? மாவாட்டோணுமல்லோ" என்றார் அம்மா.

பப்பி எல்லாவற்றையும் ரேமில்தான் வைத்திருக்கும். முறையாக ஷட்டவுன் செய்யும்போதுதான் 'இதையெல்லாம் சேமிக்கட்டுமா?' என்று கேட்கும். பேட்டரி செத்த லேப்டாப்பின் பிளக்கைப் பிடுங்கினால் கேட்க அதற்கு நேரமேது? ஃபர்ம்வேர், வன்தடை நீக்கம், இந்தியக் குடியுரிமை எல்லாம் உளுந்தோடு அரைபட்டுவிட்டன. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். அதன் முன்னால் லினக்ஸ் எம்மாத்திரம்.

மாவாட்டி முடித்து, கல்லைக் கழுவிக் கவிழ்த்த பிறகு பாயிண்ட் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மறுபடியும் குரைப்பு, டெதரிங், ஃபர்ம்வேர், அந்த ஓரத்து விசை, அமெரிக்காவிலிருந்து திரும்புதல். வழி தெரிந்துவிட்டதால் காபி ஆறுவதற்குள் முடிந்தது. இந்தத் தடவை முதல் வேலையாகச் சேமித்தேன்.

அம்மாவை நாற்காலி போட்டு உட்கார வைத்து வீடியோவைத் தட்டினேன். சிஸ்டம் முழுக்க முந்நூறு எம்பி ரேமுக்குள் கம்முனு இருக்கிறது. பிரௌசர் மட்டும், ஒரே ஒரு வீடியோவுக்கு, 1 ஜிபியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. சிஸ்டத்தை இளைக்கவைத்து என்ன பயன், வெப்சைட்டுகள் பட்டினி கிடக்கச் சம்மதிக்கவில்லையே. ஃபேன் இரைந்தது. யாகசாலை வந்தது, கோபுரம் வந்தது, குடத்தோடு ஐயர் மேலே ஏறினார். தீர்த்தம் ஊற்றக் குடத்தைச் சாய்த்த நேரம் பார்த்துப் படம் நின்றது. நடுவில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். வட்டம் நிற்கவில்லை.

"ஏங்கண்ணு, சக்கரம் பெருமாளுக்கல்லோ? முருகனுக்கு எதுக்குப் போட்டிருக்கறாங்க?"