கல்யாண வீட்டுக்காரர் ஓய்வெடுப்பது எப்படி?

பெண் வீடு விழுப்புரம், மாப்பிள்ளை வீடு திண்டிவனம். நடுவில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஜி.எஸ்.டி. ரோடு, விக்கிரவாண்டி டோல்கேட், இருபக்கமும் எண்ணி மாளாத அத்தை மாமாக்கள். முகூர்த்தம் தை மாதம். இந்த நிலைமையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிம்மதியாகக் கழிக்க ஆசைப்படும் துணிச்சல்காரர்களுக்காக இந்த வழிகாட்டி. பலிக்காவிட்டால் ஜாதகத்தைப் பாருங்கள், எங்கள் பொறுப்பல்ல.

படி 1: மாதத்தைப் பாருங்கள்

மார்கழிதான் சரி. ஊரில் முகூர்த்தம் கிடையாது. மொய்க் கவரோடு மண்டபம் மண்டபமாக ஏறி இறங்க வேண்டியதில்லை. மற்ற மாதங்களில் ஓய்வு தேடுபவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது, எந்த வழிகாட்டியும் உதவாது.

படி 2: பத்திரிகை புரூஃபைத் திறக்காதீர்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலமே அச்சகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்து உட்கார்ந்திருக்கும். திறந்தால் நீல டிக் விழும். உடனே "ஓகேவா சார்?" என்று கேட்பார்கள். ஓகே சொல்வதற்குள் பெரியப்பா வந்துவிடுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மணமக்கள் பெயரைத் தாண்டி, நேரே அடிப்பகுதிக்குப் போவார்.

"தலைமைன்னு எம்.எல்.ஏ. பேரப் போட்டிருக்க, சரி. முன்னிலையில ஒன்றியம் இருக்கார், பேரூர் இருக்கார். நான் எங்கடா இருக்கன்?"

"'தங்கள் நல்வரவை விரும்பும்'ல இருக்கீங்க பெரியப்பா."

"அதுல நம்ம வீட்டு நாயத் தவிர எல்லாரும்தான்டா இருக்காங்க."

இதற்குப் பெயர் தொகுதிப் பங்கீடு. சம்பந்தி வீட்டார் வேறு கட்சி என்றால், பத்திரிகையின் தலைமாட்டில் யார் படம் என்பதில் இன்னொரு சுற்றுப் பேச்சுவார்த்தை உண்டு. தலைவர்கள் கல்யாண மேடை ஏறியதற்கு ஒரு கதை உண்டு. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும் என்று 1967-இல் அண்ணா ஆட்சி சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. புரோகிதர் எழுந்துபோன இடத்தில் மைக் வந்து உட்கார்ந்துகொண்டது. அவராவது நல்ல நேரத்துக்குள் முடித்துவிடுவார்.

படி 3: ஒரு பொழுதுபோக்கை வளர்த்துக்கொள்ளுங்கள்

சரித்திரம் நல்லது, செத்தவர்கள் யாரும் பத்திரிகை வரவில்லை என்று கோபித்துக்கொள்வதில்லை. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இதைக் குடைந்தேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் அங்கே கல்வெட்டு வைத்திருக்கிறான். பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் ஆளுக்கொரு கருவறை. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கல்வெட்டில் தன் பெயராக 'விசித்திரசித்தன்' என்ற பட்டத்தைப் போட்டுக்கொண்டான். பத்திரிகை அடிக்கிறவர்கள் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

அப்படியே செஞ்சிக்கோட்டை. மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். இங்கே இருந்துகொண்டுதான் சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகைக்கு ஈடுகொடுத்தார். 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. உங்களுக்குத் தை முகூர்த்தம் வரைதான், தெம்பாக இருங்கள்.

ராஜகிரி படியேறும் முன் ஒரு எச்சரிக்கை. கோட்டைக்குள் அடுக்கடுக்காக உயர்ந்து, கூம்பு முடியோடு ஒரு அழகான கட்டடம் நிற்கும். என்னவென்று கேட்காதீர்கள். அதன் பெயர் கல்யாண மகால்.

படி 4: பறவை பாருங்கள்

சரித்திரம் ஒத்துவராதவர்கள் மரக்காணம் பக்கம் கழுவெளி ஏரிக்குப் போகலாம். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் கண்டம் தாண்டிப் பறவைகள் வருகின்றன. வேன் ஏற்பாடு செய்யவில்லை, ரூம் போடவில்லை, வாசலில் நின்று யாரும் சந்தனம் கொடுக்கவில்லை. வந்து, சாப்பிட்டு, பங்குனிக்குள் கிளம்பிவிடுகின்றன. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்லிக்காட்ட வேண்டாம்.

படி 5: அரசியல் பேசாதீர்கள்

திண்டிவனத்தில் டீக்கடையில் உட்கார்ந்து, வேகவைத்த மல்லாட்டையை உரித்தபடி இதைக் கடைப்பிடிக்க முடிந்தால் நீங்கள் முனிவர். சுதந்திரம் வந்தபோது சென்னை மாகாணத்துக்குப் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பக்கத்து ஊர்க்காரர். 1947 முதல் 1949 வரை பதவி. பிறகு வள்ளலார் வழியில் வடலூர் போய்விட்டார். தைலாபுரம் தோட்டமும் பக்கம்தான். 2025-இல் பா.ம.க.வுக்குத் தலைவர் யார் என்று அப்பா ராமதாஸும் மகன் அன்புமணியும் மோதிக்கொண்ட செய்தி அங்கிருந்துதான் வாராவாரம் வந்தது. விக்கிரவாண்டி வி.சாலையில் 2024 அக்டோபர் 27-இல் விஜய் தன் கட்சியின் முதல் மாநாட்டை நடத்தினார். மாப்பிள்ளையின் தம்பி அதற்குப் போய்வந்த செல்ஃபி இன்னும் டிபியில் இருக்கிறது. எதிரே டீ ஆற்றிக் குடிப்பவர் உங்கள் சம்பந்திக்கு ஒன்றுவிட்ட மச்சானாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் எந்தக் கட்சியைத் திட்டினாலும் அது ராத்திரிக்குள் பெண் வீட்டுக்கு வந்து சேரும்.

படி 6: பொறுப்பைக் கைமாற்றுங்கள்

முந்தைய ஐந்து படிகளும் பலிக்காதவர்களுக்கு. அதாவது எல்லாருக்கும்.

உறவில் அதிகம் குறை சொல்பவர் யார் என்று பாருங்கள். நிச்சயதார்த்தத்தில் சாம்பார் நீர்த்துப்போச்சு என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பாரே, அவர்தான். சனிக்கிழமை காலையில் பழத்தட்டோடு அவர் வீட்டுக்குப் போய், "பந்திப் பொறுப்பு முழுக்க நீங்கதான் சித்தப்பா, உங்கள விட்டா ஆளில்ல" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மதியத்துக்குள் சமையல்காரரோடு ரேட் பேசப் போயிருப்பார். வாழை இலைக்கு அலைவார். தாம்பூலப் பைக்குத் தேங்காய் எண்ணுவார். இனி சாம்பார் நீர்த்தால் அது அவர் சாம்பார். உங்களுக்கு ஒன்றரை நாள் மிச்சம்.

அமைச்சரவை இப்படித்தான் அமைக்கிறார்கள்.