பாஸ் நாளைக்கு வருவார்

சிஸ்டனில் தண்ணீர் நிற்காமல் ஓடுவதற்குக் காரணங்கள் இரண்டு. மூடியைத் திறந்து பார்க்கும்போது நடுக்குழாயின் வாய்வரை தண்ணீர் நின்றால் பிழை மிதவையில். அதைச் சற்றுத் தாழ்த்திவிட்டால் போதும். வாய்க்குக் கீழே நின்றும் ஓடினால் அடியிலுள்ள றப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. சத்தமில்லாமல் கசிகிறதோ என்ற சந்தேகமிருந்தால், உடுப்புக்குப் போடும் நீலத்தைச் சிஸ்டனில் கலந்து, அரை மணித்தியாலம் ஒருவரையும் உள்ளே விடாமல் காக்க வேண்டும். கொமட்டில் நீலம் இறங்கினால் கசிவு உறுதி. கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்த றப்பரை வினாகிரியில் ஊறவைத்துத் தேய்க்கலாம். வெடித்ததை மாற்ற வேண்டும்.

அன்புவழிபுரத்தில் றப்பர் மாற்றும் வழக்கம் இல்லை. தங்கூசி கட்டும் வழக்கமே உண்டு. கடலுக்குப் போகும் ஊர் என்பதால் தங்கூசிக்குப் பஞ்சமில்லை. கைப்பிடிக்கும் றப்பருக்கும் இடையிலுள்ள சங்கிலி அறுந்த அன்றே அது கட்டப்படும். நீளம் கூடினால் றப்பர் எழும்பாது, குறைந்தால் இருக்காது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவு இன்றுவரை எந்த வீட்டிலும் கண்டுபிடிக்கப்படவில்லை. அடுத்த மாதம் கைப்பிடியும் கழன்று விழும். அப்போது தங்கூசி சிஸ்டனுக்கு வெளியே வந்து, நுனியில் பழைய பல்துலக்கி ஒன்றைச் சுமந்து தொங்கும். மூடி இனிப் பொருந்தாது. சுவரோடு சாய்ந்து நிற்கும். விருந்தாளி உள்ளே போனதும் கதவுக்கு வெளியிலிருந்து அறிவுறுத்தல் தொடங்கும்: “மெதுவா இழுங்கோ… இடப்பக்கமா… ஒருக்கா ஆட்டிப்போட்டு விடுங்கோ.” உள்ளே நடப்பதை வீடு முழுவதும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். அண்மையில் பிறந்தநாள் விருந்துக்குப் போன ஒருவர் கேக் வெட்டி முடியும்வரை இழுத்துக்கொண்டே நின்றார். அவர் பெயர் இங்கு அவசியமில்லை. அவருக்குக் கேக்கும் கிடைக்கவில்லை. முடிவில் தங்கூசியும் அறும். குழாய் பூட்டப்பட்டு, வாளியும் கோப்பையும் வரும். சிஸ்டனின் தலை சம்போ, பிளேட், சவர்க்காரத் துண்டுகள் அடுக்கும் தட்டாகும். கேட்டால், “பாஸ் நாளைக்கு வருவார்” என்பார்கள். பாஸ் ஒருநாள் வரவும் செய்வார். எட்டிப் பார்த்து, “முழுக்க மாத்தோணும்” என்று சொல்லி, முற்பணம் வாங்கிக்கொண்டு போவார்.

அடைப்பு எடுக்கத் தனிக் கருவி தேவையில்லை. தும்புத்தடியின் தலையைச் சொப்பிங் பேக்கால் இறுகச் சுற்றி, துவாரத்தை நிரப்பி மேலும் கீழும் இடிக்கலாம். தள்ளும் வேகத்தைவிட இழுக்கும் வேகம்தான் அடைப்பை அசைக்கும். அசிட் ஊற்றக்கூடாது. குழியில் கழிவைச் சிதைக்கும் பக்றீரியா அதில் செத்துப்போகும். குளோரினோடு கலந்தால் எழும் வாயு மனிதரையும் விடாது.

நாற்றத்துக்கு மருந்து பெரும்பாலும் ஒரு வாளித் தண்ணீர்தான். கொமட்டின் அடியிலுள்ள வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி, குழிக் காற்றை மேலே வரவிடாமல் மறிக்கும். 1775இல் இலண்டனில் இந்த ‘எஸ்’ வளைவுக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கம்மிங் ஒரு மணிக்கூடு செய்பவர். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகள் வந்தால் பாவிக்கவென்று டைல்ஸ் பதித்துக் கட்டிய குளியலறை வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வளைவு காய்ந்து வீடே நாறும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஹோட்டலில் அறை எடுப்பார்கள்.

மாரியில் எல்லா வீட்டிலும் கொமட் மெதுவாக இறங்கும். இது அடைப்பல்ல. நிலத்தடி நீர் ஏறி, ஊறுகுழி உறிஞ்ச மறுப்பதே காரணம். தும்புத்தடியை உடைத்துப் பயனில்லை. குழி நிரம்பியிருந்தால் கலி பவுசருக்கு ஆவணியிலேயே சொல்லிவைக்க வேண்டும். மார்கழியில் ஊர் முழுக்க அதைத்தான் தேடும். பவுசர் வரும் நாளில் குழியின் மூடி எங்கே என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது. பெரும்பாலும் அதன்மேல் போர்டிகோ கட்டி முடிந்திருக்கும்.