ஈறும் இலவச வைத்தியமும்

ஈற்றில் ரத்தம் கசிந்தால் தமிழ்நாட்டில் மருந்துக்குப் பஞ்சமில்லை. பெரியம்மா கடுக்காய்ப் பொடி என்பார். எதிர்வீட்டு மாமா படிகாரம் என்பார். கொய்யா இலையை மெல்லச் சொல்பவர் வீட்டுக் கொல்லையில் கட்டாயம் ஒரு கொய்யா மரம் நிற்கும். இத்தனை பேரும் சண்டை போட்டுக்கொண்டு சிபாரிசு செய்வது ஏறக்குறைய ஒரே சரக்கைத்தான். ஆலங்குச்சி, கருவேலம்பட்டை, மாசிக்காய், கடுக்காய் எல்லாவற்றிலும் இருப்பது துவர்ப்பு. அதைத் தரும் டானின் புரதத்தோடு சேர்ந்து ஈற்றை இறுக்குகிறது; கசிவு குறைகிறது. படிகாரம் மூலிகையே அல்ல, உப்பு வகை. ஆனாலும் அதே வேலையைச் செய்வதால் யாரும் ஆட்சேபிப்பதில்லை.

கிராம்பின் கதை தனி. அதிலுள்ள யூஜெனால் நரம்பை மரக்கச் செய்யும். துத்தநாக ஆக்சைடைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கப் பல் மருத்துவரும் அதையே பயன்படுத்துகிறார். பல் ஆஸ்பத்திரி வாசலிலேயே பலரைத் திரும்பி ஓடவைக்கும் அந்த வாசனை, பிரியாணியில் வந்தால் இன்னொரு கரண்டி கேட்க வைக்கும். ஆனால் சுத்தமான கிராம்பு எண்ணெயை அப்படியே தடவினால் ஈறு வெந்துபோகும்.

சொத்தைப் பல்லுக்குச் செய்யும் கண்டங்கத்திரிப் புகைதான் இந்த வைத்தியங்களில் பெரிய நாடகம். தணலில் காய்ந்த விதையைத் தூவி, மேலே கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, அதன் கண் வழியாகக் குழாய் வைத்து வாய்க்குள் புகை பிடிப்பார்கள். எச்சில் வழிய, கண்ணீர் வழிய, நோயாளி ஒரு கிண்ணத்தில் துப்புவார். அதில் வெள்ளையாக ஏதாவது மிதந்தால் “பூச்சி விழுந்திடுச்சு” என்று வீடே நிம்மதி அடையும். பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-லேயே பல்லில் புழுவைத் தேடிப் பார்த்து, காணோம் என்று எழுதிவிட்டார். பல்லை அரிப்பது கிருமிகள் சர்க்கரையைத் தின்று கக்கும் அமிலம். அது கிண்ணத்தில் விழாது.

உமிக்கரியும் செங்கல் தூளும் பல்லை வெளுக்கச் செய்யும், எனாமலையும் சேர்த்துத் தேய்த்து.

துவர்ப்பு மருந்துகளில் ஒரு சிக்கல் உண்டு. கசிவு நிற்கும்; கசிவுக்குக் காரணமான காரை பல்லைவிட்டு நகராது. கல்லாக இறுகிய காரையை எந்தக் கஷாயமும் கரைப்பதில்லை. கருவி வைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இரண்டு வாரம் கொப்பளித்தும் ரத்தம் வந்தால் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் பல் மருத்துவரிடம் போங்கள்.