கட்டைவிரல் சித்தப்பா

நன்னிலம் கடைத்தெருவில் டீக்கடை வாசலில் நாலைந்து சைக்கிள்கள் நின்றால், ஒரு பெரியவர் குனிந்து ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் போலீசைக் கூப்பிடலாமா என்று யோசிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் டீயை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு நழுவப் பார்ப்பார்கள். அதற்குள் குரல் வந்துவிடும்.

"யாரோட ஹீரோ இது? பின்னால காத்தே இல்ல. ரிம்மு டயரத் தின்னுக்கிட்டிருக்கு, நீ பன்னு தின்னுக்கிட்டிருக்க!"

காவிரிப் பாசனத்தில் ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. எங்கள் ஊர்க்காரருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ரேஷன் கார்டுக்கு வெளியே அது புழங்குவதில்லை. பேரன் வயசுப் பையன்களுக்கும் அவர் சித்தப்பாதான்.

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே விதி. கருவியை வெளியே எடுப்பதற்குள் சித்தப்பா ஒரு நெல்லைக் கடைவாயில் வைத்துக் கடித்து, அந்தச் சத்தத்திலேயே பதினேழா பத்தொன்பதா என்று சொல்லிவிடுவாராம். ஓய்வுக்குப் பிறகு கடிக்க நெல் இல்லை. அத்தனை புலமையும் எங்கேயாவது இறங்கியாக வேண்டுமே? டயரில் இறங்கிவிட்டது.

அவரிடம் நான் மாட்டியது மகளின் சைக்கிளால். பின் டயரில் நூல் தெரிந்தது. சித்தப்பாவுக்குத் தெரியாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று திருவாரூர் போய், கடையில் "26 டயர்" என்று கேட்டேன். 26 கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். லிவர் வளைந்தது, விரல் நசுங்கியது, டயர் மட்டும் ரிம்மில் ஏறவில்லை. நிமிர்ந்து பார்த்தால் திண்ணையில் சித்தப்பா. எப்போது வந்தார் என்று தெரியாது. ரசித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா தம்பி? நம்ம ஊர்ல முருகேசன்னு கூப்பிட்டா எத்தன பேரு திரும்புவான்? இனிஷியலச் சேத்துச் சொல்ல வேணாமா?"

இனிஷியல் டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது. பழைய டயரைத் துடைத்துக் காட்டினார். 26 x 1⅜. அதன் பக்கத்தில் 37-590. நான் வாங்கி வந்தது 26 x 1.95, பையன்கள் ஓட்டும் குண்டு டயர் வண்டிக்கு உரியது. அதன் எண் 559.

"இந்தக் கடைசி மூணு எண்ணு இருக்கே, டயரு ரிம்முல உக்கார்ற எடத்தோட விட்டம். மில்லிமீட்டர்ல. உன்னுது 590. நீ வாங்கியாந்தது 559. முப்பத்தோரு மில்லிமீட்டர் இடிக்குது. அஞ்சு வயசுப் புள்ள சட்டைய உனக்குப் போட்டா ஏறுமா? 26 x 1½னு இன்னொண்ணு இருக்கு, அது 584. அதுவும் இதுக்கு ஆவாது. எங்க காலத்து உயர வண்டிக்கு 28 x 1½. அதுக்கு 635. எல்லாம் தனித்தனி வீடு, தனித்தனி அடுப்பு."

அடுத்த நாள் உள்ளூர்க் கடைக்கு என்னை அழைத்துப் போனார். சித்தப்பா படியேறுவதைப் பார்த்ததும் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எடுத்த எடுப்பில் ஒரு டயரை நீட்டினார்: "இந்தாங்க சித்தப்பா, 590. நல்ல டயரு."

"வை அங்க. பாப்போம்."

அப்புறம் நடந்ததுதான் கொள்முதல். வாசலில் வரிசையாகத் தொங்கிய டயர்களை முதலிலேயே தள்ளுபடி செய்தார். "வெயில்ல தொங்குறது டயரு இல்ல, போர்டு." ரப்பருக்கு வெயில் ஆகாது, ஓடாமலே வெடிப்பு விடும். உள்ளே இருந்து வந்த ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் மடக்கி, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரக் கம்பியை விரலால் ஒரு சுற்று தடவி வந்தார். மடித்துக் கட்டிய கட்டில் கம்பி ஒடிந்திருந்தால் டயர் வட்டமாக உட்காராதாம். முகர்ந்தார். தரையில் போட்டு உருட்டினார். பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையனுக்குக் கை துறுதுறுத்தது.

ரால்கோ, மெட்ரோ, ஹார்ட்டெக்ஸ் என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போனார். சித்தப்பா லேபிளைப் படித்துப் பெருமூச்சு விட்டார். "கேரளாவுல பாலு எடுத்து, லூதியானாவுல டயராக்கி, நன்னிலத்துல தேய்க்கிறோம். இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒரு மரியாதை வேணாமா? கட்ட கட்டயா இருக்கிறத எடுக்காத. அது சேத்துக்கு. தார் ரோட்டுல மிதிச்சா புள்ளைக்கு முட்டி வலிக்கும். வரி வரியா இருக்கிறத எடு."

டியூப் பகுதி தனி. என் பழைய டியூபைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதில் கொஞ்சம் காற்றை ஏற்றி, பஞ்சர் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். குமிழ் வந்தது. "ஓட்ட ரோட்டுப் பக்கமா, ரிம் பக்கமா?" நான் விழித்தேன். ரிம் பக்கம். போக்ஸ் கம்பியின் முனை குத்திய ஓட்டை. "இதுக்கு வைத்தியம் புது டயரும் இல்ல, புது டியூபும் இல்ல. ரிம் டேப்பு. அத மாத்தாம நீ தங்கத்துல டியூப் போட்டாலும் அடுத்த மாசம் ஓட்டதான்." ஆனாலும் டியூபில் ஏற்கெனவே ஆறு ஒட்டு. ப்யூட்டில் டியூப் ஒன்றை எடுக்கச் சொன்னார். சாதா ரப்பரைவிட அதில் காற்று அதிக நாள் நிற்கும். அதையும் நம்பிவிடவில்லை. லேசாகக் காற்றடித்துக் காதோரம் வைத்துக் கேட்டார். நாக்கில் விரலைத் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்த்தார். எச்சில் அசையவில்லை. பாஸ்.

இடையில் கடைக்காரர் கொட்டாவி விட்டதற்காக வரலாற்றுப் பாடம் வேறு நடந்தது. "காத்தடிக்கிற டயர சைக்கிளுக்குக் கொண்டாந்தது யாருன்னு நெனைக்கிற? டன்லப். மாட்டு டாக்டரு! 1888ல, பெல்பாஸ்ட்ல. மகனோட மூணு சக்கர வண்டி கல்லுத் தரையில குலுங்குதேன்னு ரப்பர் குழாய்ல காத்தடிச்சுச் சுத்துனாரு. மாட்டு டாக்டருக்கு இருந்த பொறுமை, டயரு விக்கிற உனக்கு இல்ல."

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, குவிந்து கிடந்த பதினோரு டயரில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கடைக்காரர் முதலில் நீட்டிய அதே டயர்.

"சித்தப்பா, இதத்தானே நான் அப்பவே..."

"அப்பவே எனக்கும் தெரியும்யா. ஆனா பாக்காம எடுத்தா அதுக்குப் பேரு வாங்குறது இல்ல, தூக்கிட்டு வர்றது."

மாட்டும்போது கேட்காமலே முன்சக்கரத்தையும் கழற்றி, டயரின் உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். நகத்தால் நெம்பினார். அரை அரிசி நீளத்துக்கு ஒரு கருவேல முள் முனை. அதை உள்ளங்கையில் வைத்து, கல்லெடுத்த டாக்டர் நோயாளியின் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதுபோல் கடையில் எல்லோருக்கும் காட்டினார். போகும்போது சொன்னார்: "வெல கொறஞ்ச டயரு கெட்டதுன்னு இல்ல தம்பி. காத்து கொறஞ்ச டயருதான் கெட்டது. எந்தக் கம்பெனியா இருந்தாலும் காத்துக்கு அப்புறம்தான்."

மறுநாள் காலை ஐந்தரை மணி. வாசலில் புஸ், புஸ் என்று சத்தம். பாம்பு என்று மனைவி எழுப்பினாள். டார்ச்சும் கழியுமாகக் கதவைத் திறந்தேன். சித்தப்பா, கையில் பம்பு.

"நேத்து அடிச்ச காத்து நிக்கிதான்னு அமுக்கிப் பாத்தேன். கல்லு மாதிரி நிக்கிது."

"அப்புறம் எதுக்கு சித்தப்பா அடிக்கிறீங்க?"

"மெதுவாப் பேசு. இது எதிர்வீட்டு வண்டி. அவன் முழிச்சுக்கிட்டான்னா அடிக்க விடமாட்டான்."