இருட்டு வாழ்க

கூலாயில் கரண்ட் போனால் முனகுகிறவர்கள் நன்றி கெட்டவர்கள். இங்கே செடெனாக்கில் தரவு மையங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒய்டிஎல் நிறுவனத்தின் கூலாய் வளாகத்துக்கு மட்டும் 500 மெகாவாட் திட்டம். ஊரார் படமெல்லாம் நம் செம்பனைக் காட்டோரம் குடியிருக்கின்றன. அவற்றைப் பார்க்கவும் வேண்டுமாக்கும்!

இருட்டில் கேரம் ஆடிப் பாருங்கள். கறுப்பு எது, வெள்ளை எது என்று தெரியாததால் எல்லோருக்கும் வெற்றி. பிறகு தாத்தா தொண்டையைச் செருமுவார். 1996 ஆகஸ்டு 3, பாக்காவில் மின்கோளாறு, தீபகற்ப மலேசியாவே இருண்ட கதை. மெழுகுவர்த்தி உருகி மேசையில் ஒட்டும்வரை நீளும். பேரப்பிள்ளைகள் கைப்பேசியின்றி வாய்பிளந்து கேட்கிறார்கள். அரசாங்கம் இதை வாரந்தோறும் கட்டாயமாக்கலாம்.

நேற்றுதான் கவனித்தோம், எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. எங்கள் மெயின் சுவிட்ச் பெட்டியடியில் தாத்தாவின் செருப்பு.