கெர்னலுக்குத் துரு பிடிக்குமா?

கே: லினக்ஸில் அப்படி என்ன தகராறு?
– கல்லூரி மாணவர், கோவை

ப: உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலும் ஓடும் லினக்ஸ் கெர்னல் என்ற அடித்தள மென்பொருளுக்கு 1991 முதல் வீட்டு மொழி 'சி'. 2022 டிசம்பரில், 6.1 பதிப்பில், 'சும்மா ஒரு சோதனைக்கு' என்று 'ரஸ்ட்' என்ற இன்னொரு நிரல்மொழி நுழைந்தது. திண்ணை கேட்டு வந்தவர் கூடத்தில் பாய் விரித்தால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

கே: ரஸ்ட் என்றால் துருதானே?
– இரும்புக் கடைக்காரர், சேலம்

ப: உங்கள் சரக்கு இல்லை. பயிரைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சையின் பெயரைத்தான் வைத்தார் மொழியை உருவாக்கிய கிரேடன் ஹோர். லேசில் சாகாத ஜென்மம் அது. பெயர்ப் பொருத்தம் பத்துக்குப் பத்து.

கே: ஐம்பது வருஷமாக ஓடும் 'சி'யில் என்ன குறை?
– 'சி' பக்தர், மதுரை

ப: ஓடுகிறது, கதவைத் திறந்து போட்டுவிட்டு. காலி செய்த வீட்டுக்குள் பழைய சாவியோடு வந்து ஃப்ரிட்ஜைத் திறப்பவன்போல, விடுவித்த நினைவகத்தில் பழைய பாயின்டர் கை வைக்கும். 'சி' கண்டுகொள்ளாது. ரஸ்டில் சாவியைத் திருப்பித் தராவிட்டால் நிரல் கம்பைலே ஆகாது. தன் பாதுகாப்புக் கோளாறுகளில் சுமார் 70 சதவீதம் இதுபோன்ற நினைவகக் குளறுபடிகள்தான் என்று 2019இல் மைக்ரோசாஃப்டே சொன்னது.

கே: பிறகு கெர்னலின் மூத்த பராமரிப்பாளர்கள் ஏன் முறைக்கிறார்கள்? சோம்பலா?
– அவசரக்காரர், திருச்சி

ப: பயம். 'சி'யில் ஒரு ஃபங்ஷனை மாற்றினால் அதை நம்பிய ரஸ்ட் நிரல் உடையும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒட்டவைப்பது யார்? பரிமாறியவர் பஸ் ஏறிவிடுவார். எச்சில் இலை எடுப்பவர் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

கே: 'புற்றுநோய்' என்றாராமே ஒருவர்?
– மருந்தாளுநர், நெல்லை

ப: கெர்னலின் டிஎம்ஏ (நேரடி நினைவக அணுகல்) பகுதியைப் பராமரித்த கிறிஸ்டோஃப் ஹெல்விக், 2025 தொடக்கத்தில். ஒரே கெர்னலில் இரு மொழி கலப்பதைச் சொன்னார், ரஸ்டை அல்ல. அதைக் கையோடு விளக்கியும் விட்டார். வெடிக்குப் பிறகு விளக்கம் யார் காதில் விழும்?

கே: ஸ்கோர் என்ன?
– கிரிக்கெட் பைத்தியம், சென்னை

ப: இரு பக்கமும் விக்கெட். 2024இல் ரஸ்ட் அணியின் வெட்சன் அல்மெய்டா ஃபில்ஹோ அலுத்து விலகினார். 2025 பிப்ரவரியில் ரஸ்ட் ஆதரவாளர் ஹெக்டர் மார்ட்டின் பராமரிப்பாளர் பொறுப்பை உதறினார். அதே மாதம் ஹெல்விக்கும் டிஎம்ஏ பகுதியைக் கைவிட்டார்.

கே: லினக்ஸைப் படைத்த நாட்டாமை லினஸ் டோர்வால்ட்ஸின் தீர்ப்பு?
– பஞ்சாயத்துப் பிரியர், தேனி

ப: ரஸ்ட் கற்கும்படி யாருக்கும் கட்டாயமில்லை, அதைத் தொடாதவர் ரஸ்ட்காரர்களைத் தடுக்கவும் கூடாது. விரதம் இருக்கலாம், அடுத்தவன் இலையைப் பிடுங்கக்கூடாது.

கே: ரஸ்டில் ஓட்டையே விழாதா?
– சந்தேகப் பிராணி, ஈரோடு

ப: விழும். 2025 டிசம்பரில் கெர்னலின் ரஸ்ட் நிரல்மீது முதல் பாதுகாப்பு எஃப்.ஐ.ஆர். பதிவானது. அன்றே 'சி' மீது 159. கெர்னலில் பெரும்பகுதி 'சி'தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் மதுரை பக்தர் ஆட்டோ அனுப்புவார்.

கே: இப்போது நிலவரம்?
– பொறுமைசாலி, தஞ்சை

ப: 2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய பராமரிப்பாளர்கள் 'சோதனை முடிந்தது, ரஸ்ட் நிரந்தரம்' என்று முடிவெடுத்தார்கள். திண்ணைக்காரர் பெயர் ரேஷன் கார்டில் ஏறிவிட்டது.